இருபத்தொன்பது படங்கள், ஒரே ஜாயின்ட்

மார்ச் 3

தங்கைக்கு,

உறையின் மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே இது யாரிடமிருந்து என்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி. குடும்ப விஷயம் ஒரு வரிகூட இதில் இல்லை. ஒன்பது வருடம் முகம் பார்க்காமல் இருந்துவிட்டு இப்போது உறவு கொண்டாட நான் வரவில்லை. அம்மா இறந்த அன்றுகூட ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து நின்றவர்கள்தானே நாம்.

உங்கள் ஆலையில் புதிதாகப் போட்டிருக்கும் ஸ்டீம் லைனின் எக்ஸ்ரே படங்கள் என் மேஜைக்குத்தான் வருகின்றன. குழாயைக் குழாயோடு வெல்ட் செய்த இடங்கள், மொத்தம் நாற்பத்து நான்கு ஜாயின்ட். முதல் பாதியின் படங்கள் ஜனவரியில் வந்தன. பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மீதி இருபத்திரண்டு போன வாரம் வேனில் வந்தன. நேற்று மதியம் முப்பதாம் எண் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். முதல் பாஸில், அதாவது வெல்டின் அடி அடுக்கில், நடுவிலிருந்து சற்று இடப்பக்கமாக ஒரு வெள்ளைப் புள்ளி. டங்ஸ்டன் ஊசியின் முனை உருகிய உலோகத்தைத் தொட்டுவிட்டால் ஒரு துணுக்கு உடைந்து உள்ளேயே தங்கிவிடும். அதுதான். அனுமதிக்கக்கூடிய அளவு. குறித்துக்கொண்டு அடுத்ததை எடுத்தேன். முப்பத்தொன்றிலும் அதே இடத்தில் அதே புள்ளி.

இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். புள்ளி புள்ளியின் மேல் உட்கார்ந்தது. வெல்டின் அலைவரிகள்கூட இம்மி பிசகாமல் பொருந்தின. ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஈய எண்கள் மட்டும்தான் வேறு. அலமாரியைத் திறந்து ஜனவரிப் படங்களின் நகல்களையும் இறக்கினேன். மாலை ஆறு மணிவரை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். நாற்பத்து நான்கில் இருபத்தொன்பது படங்கள் ஒரே ஜாயின்டின் படங்கள். எண்ணை மாற்றி மாற்றி ஒட்டி ஒரே இரும்பை இருபத்தொன்பது முறை படம் பிடித்திருக்கிறார்கள். லைனில் இருக்கும் அந்த இருபத்தொன்பது ஜாயின்டையும் ஒருவரும் பார்க்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஜாயின்டைப் போட்டவன் எவனோ, கைகாரன். ஊடுருவல் சீராக இருக்கிறது. இரண்டு பாஸுக்கு நடுவே கசடு இல்லை. ஊசிமுனைத் துளை ஒன்றில்லை. விளிம்பு அரித்து விழும் பள்ளம், நீங்கள் அண்டர்கட் என்பது, மருந்துக்கும் கிடையாது. பாடப்புத்தகத்தில் போடலாம்.

இருபத்தொன்பதில் ஒன்பது எண்கள் உன் முத்திரையில் இருக்கின்றன. இருபத்தேழாம் எண் வெல்டர் நீதான் என்பது எனக்குத் தெரியும். எக்ஸ்ரே எடுக்கும் படக்காரர்கள் ஷெட்டில் உனக்கு நல்ல பேச்சுவார்த்தை உண்டு என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். இது உனக்குத் தெரிந்து நடந்ததா? மேலே எழுதும் முன் கேட்பது என் கடமை என்பதால் கேட்கிறேன். அலுவலகப் போனில் இதைப் பேச முடியாது. உன் போன் எண்ணை நீ மாற்றிய பிறகு ஒருவரும் எனக்குத் தரவில்லை. பதிலை வேன் ஓட்டுநரிடம் கொடு. அவர் பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை.

இப்படிக்கு,
ஆய்வாளர், படப் பிரிவு


மார்ச் 6

அண்ணனுக்கு,

ஆய்வாளர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆய்வாளருக்கு நான் ஏன் பதில் எழுத வேண்டும்? அண்ணன் என்று ஒருவர் இருந்தார், அவருக்கு எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கிவிட்டேன். எனக்குத் தெரிந்து நடந்ததா என்று கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அந்த லைனின் முதல் வால்வைத் திறக்கப் போகிறவர் என் வீட்டுக்காரர். உங்கள் மாப்பிள்ளை. இருபத்தெட்டாம் தேதி காலை அவர் அந்தக் குழாய்க்கு அடியில் நின்று சக்கரத்தைத் திருப்புவார். தெரிந்துகொண்டு நான் சும்மா இருப்பேனா?

கசக்கியதைத் திரும்ப விரித்தது அந்த வெள்ளைப் புள்ளிக்காக. அது எங்கேயோ உறுத்தியது. சாப்பாட்டு மணி அடித்ததும் படக்காரர்கள் ஷெட்டுக்குப் போனேன். நடுவில் ஸ்டாண்டின் மேல் ஒரு குழாய்த் துண்டு. பக்கத்தில் ஒரு டப்பா நிறைய ஈய எண்கள். நெட்டைதான் இருந்தான், அவர்களுக்கெல்லாம் மேஸ்திரி.

"இது என்னடா, இங்க?"

"அதுவாக்கா? ரொம்ப வருஷமா கதவுக்கு முட்டுக் கொடுத்து வச்சிருந்தோம். ஒரு நாள் மெஷின் சரியா வேலை செய்யுதான்னு பார்க்க அதைப் படம் எடுத்தேன். பளிங்கு மாதிரி வந்துச்சுக்கா! அந்த மாதிரி ஜாயின்ட் இந்த ஆலையிலயே கிடையாது."

"அதுக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். "மேல இருக்கிற ஜாயின்ட் எல்லாத்துக்கும் சாரத்தைப் பிரிச்சுட்டாங்க. நாங்க போறதுக்கு முன்னாடியே பிரிச்சுட்டாங்க. திரும்பக் கட்டக் கேட்டா தேதி தள்ளிப் போகும், படத்தை மட்டும் குடுன்னு மேல சொல்லிட்டாங்க. நான் என்னக்கா பண்ண, பறக்கவா?"

"இது யார் போட்டது?"

"தெரியலக்கா. ஸ்கிராப்ல கிடந்துச்சு. யாரோ ஃபெயிலானவன்."

நான் அந்தத் துண்டைப் புரட்டினேன். அடிப்பக்கம் சிவப்புப் பெயின்டில் பெரிய பெருக்கல் குறி. அதன் கீழே தேதி. தேதிக்குக் கீழே உங்கள் சுருக்கொப்பம்.

அண்ணா, அது வெல்டர் முத்திரைக்காக நான் போட்ட டெஸ்ட் பீஸ். ஒன்பது வருடத்துக்கு முன் நீங்கள் ஃபெயில் போட்ட துண்டு. நான் முதல் பாஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கூடத்துக்குள் வந்தீர்கள். கை ஒரு நொடி நடுங்கி ஊசி உள்ளே தொட்டது. முனையைத் தீட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். அந்தத் துணுக்குதான் உங்கள் வெள்ளைப் புள்ளி.

அது எப்படி முழுசாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அன்று கண்பார்வையில் பாஸானவர்கள் பீஸை எல்லாம் பட்டை பட்டையாக அறுத்து வளைத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. நீங்கள் ஃபெயில் போட்டதால்தான் என்னுடையது அறுபடாமல் தப்பியது. அதே துண்டுக்கு ஒரு தடவை ஃபெயில் போட்டீர்கள். ஜனவரியில் எத்தனை தடவை பாஸ் போட்டீர்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். போட்டவன் கைகாரன் என்றும் எழுதிவிட்டீர்கள். நன்றி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டீம் விடும் முன் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அது இந்த லைனுக்குக் கிடையாது. படங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று காட்டி மேலாளர் விலக்கு வாங்கிவிட்டார். அதாவது உங்கள் கையெழுத்தைத் தவிர அந்தக் குழாய்க்கு வேறு காவல் இல்லை.

நான் போய்ச் சொன்னால் எடுபடாது. ஆய்வாளர் மேல் வாய்வைத்தவள் என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் எழுதினால்தான் நிறுத்துவார்கள். இன்றைக்கே எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 10

தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை எழுத்துகள் ஓட ஆரம்பித்துவிட்டன.

அந்தத் துண்டு உன்னுடையதாக இருக்கலாம். இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள். படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மேல்விளிம்புப் பள்ளம் சில கோணங்களில் படத்தில் விழாமல் போகும். அன்று நான் கேஜ் வைத்து அளந்தேன். முக்கால் மில்லிமீட்டர் இருந்தது. அரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் யாராக இருந்தாலும் ஃபெயில்தான். தங்கை என்பதற்காக விதியை வளைத்திருக்க வேண்டுமா?

நீ செய்தது என்ன? மறுநாள் கேன்டீனில் நாற்பது பேர் நடுவே, "எங்க அண்ணனுக்கு எதுக்கு கேஜ்? தங்கச்சிய அவரு கண்ணாலயே அளந்துடுவாரு" என்றாய். எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அது மேலிடம்வரை போனது. மூன்றாவது வாரம் என்னை இந்த இருட்டறைக்கு மாற்றினார்கள். பட்டம் வாங்கியவன், நான்கு நாடுகளின் வெல்டிங் விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பவன், கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவன் அனுப்பும் நிழல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் பாடம் கேட்ட இரண்டு பேர் இப்போது எனக்கு மேலதிகாரிகள். பார்த்தால் தோளைத் தட்டுகிறார்கள். தட்டும்போது நான் நாற்காலியை விட்டு எழுந்துகொள்வதில்லை, அதுதான் என்னால் முடிந்தது. நீ மூன்று மாதத்தில் வேறொருவரிடம் டெஸ்ட் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டாய். நான் என்ன வாங்கினேன்?

அறிக்கையை இன்னும் அனுப்பவில்லை. எழுதாமல் இல்லை, மூன்று முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஒரு பத்தியில் நின்றுவிடுகிறது. எண்ணிப் பார்த்தேன். ஜனவரியில் நான் சரி என்று கையெழுத்திட்ட இருபத்திரண்டில் பதின்மூன்று இந்தத் துண்டின் படங்கள். பதின்மூன்று முறை அந்தப் புள்ளி என் கண்முன் வந்து போயிருக்கிறது. நான் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் எனக்கு அக்கறை இல்லை. இரண்டில் எது என்று விசாரணையில் கேட்பார்கள்.

ஒருவேளை ஜாயின்ட்கள் நன்றாகவே இருக்கலாம். உங்கள் வெல்டர்கள் ஒன்றும் கற்றுக்குட்டிகள் இல்லை. படம் பொய் என்பதால் வெல்டும் பொய் என்று ஆகிவிடாது. ஒன்றை மட்டும் யாருக்கும் தெரியாமல் லேசாகத் திறந்து பார்க்க முடியுமா? மேல் பாஸை இரண்டு விரல் நீளத்துக்குக் கிரைண்டரால் தேய்த்தால் போதும். உள்ளே சுத்தமாக இருந்தால் இத்தனை பேர் பிழைப்பைக் கெடுக்காமல் வேறு வழி பார்க்கலாம்.

அண்ணன்


மார்ச் 13

அண்ணனுக்கு,

திறந்து பார்த்தேன்.

அடுத்தவர் ஜாயின்டில் கைவைக்க எனக்கு உரிமை கிடையாது. அதனால் என்னுடையதையே எடுத்தேன். முப்பத்து மூன்று. கொதிகலனுக்குப் பின்னால், பெரிய உத்தரத்தை ஒட்டி இருப்பது. உங்கள் மாப்பிள்ளை கிரேன்காரரிடம் கெஞ்சி, கிரேனில் தொங்கும் தொட்டியில் என்னை ஏற்றிவிட்டார். கீழேயிருந்து அவர், "பார்த்துடி, ரொம்ப அழகா போட்டிருப்ப, தேய்க்கவே மனசு வராது" என்று கத்தினார். எனக்கும் அந்த நினைப்புதான். ஒன்பது வருடமாக நான் யார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததே அதை வைத்துத்தான்.

மேல் பாஸ் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மில்லிமீட்டர் தேய்த்ததும் துளைகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு கொத்தாக. சல்லடை, அண்ணா. இன்னும் தேய்த்தேன். துளைகளுக்கு அடியில் கறுப்பாக ஒரு கோடு ஓடியது, கசடு. ஆணியை வைத்துக் குத்தினேன். பொலபொலவென்று உதிர்ந்தது. என் முத்திரை பக்கத்திலேயே இருந்தது, இருபத்தேழு. கிரைண்டரை அணைத்துவிட்டுத் தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கீழேயிருந்து, "என்னாச்சு? சொல்லு, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். நினைவுபடுத்திக்கொள்ளத் தேவையில்லை, அன்றைக்கே தெரியும். வெல்டிங் ராடுகளை ஈரம் ஏறாமல் சூடாக வைக்கும் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாங்கள் சாப்பாட்டு டப்பா சூடுபண்ணும் மெஷினைச் செருகியிருந்தோம். ராடு ஈரம் வாங்கியிருந்தது. பற்ற வைத்ததுமே ராடு முனையில் ஆர்க் பொரிந்து தெறித்தது, காதில் கேட்டது. உத்தரம் இடித்ததால் முழங்கையை மடக்க முடியவில்லை. ராடைத் தள்ளிப் பிடித்து ஆர்க்கை நீளமாக்கினேன். காற்று வேறு. மறைப்புத் துணி கட்டக் கேட்டால் ஆள் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒவ்வொரு பாஸுக்கும் பிறகு கசடைக் கொத்தித் துலக்க வேண்டும். இரண்டு இடத்தில் பிரஷ் எட்டவில்லை, அப்படியே மேலே போட்டு மூடினேன். அடுத்த பாஸின் சூட்டில் அது மிதந்து வெளியே வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வராது. எனக்குத் தெரியாதா? உருகும் இடத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துப் போட்ட ஜாயின்ட் அது.

எப்படியும் படம் எடுப்பார்கள், கெட்டிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்போம். படக்காரர்கள் எங்களை நம்பினார்கள், நாங்கள் படத்தை நம்பினோம், நீங்கள் எதை நம்பினீர்களோ.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் எல்லாம் சொன்னேன். "வால்வைத் திறக்க மாட்டேன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"சொல்லலாம். நான் மாட்டேன்னா வேற ஒருத்தனைத் திறக்கச் சொல்லுவாங்க. அவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பால்ல?" என்றார். பிறகு, "உங்க அண்ணன் எழுதிட்டாரா?" என்று கேட்டார். எழுதிவிட்டார் என்று பொய் சொன்னேன்.

அதைப் பொய்யாக விட்டுவிடாதீர்கள்.

தங்கை


மார்ச் 15

தங்கைக்கு,

அறிக்கை நேற்றுக் காலை பத்து மணிக்குப் போய்விட்டது. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையிடம் காட்டு. இருபத்தொன்பது படங்களையும் நிராகரித்திருக்கிறேன். ஜனவரியில் அவற்றில் பதின்மூன்றைச் சரியாகப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டேன் என்று தனியாக ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். உன் முப்பத்து மூன்றைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

பதினொன்றரைக்கு அழைத்தார்கள். என்னிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவன், "சார், இதை ஒரு வார்த்தை என்கிட்ட வாயால சொல்லியிருக்கலாமே, பேப்பர்ல ஏன் போட்டீங்க?" என்றான். வாயால் சொன்னால் நீ துடைத்துவிடுவாய், அதனால்தான் என்றேன். இந்தமுறை தோளைத் தட்டவில்லை. அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இதை வீட்டில், சாப்பிடுகிற மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பகல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது.

போன கடிதத்தில் நான் எழுதிய முக்கால் மில்லிமீட்டர் பொய்.

அன்று கேஜ் என் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. உன் பீஸ் மேஜைக்கு வந்தபோது மற்ற இரண்டு ஆய்வாளர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர், "தங்கச்சியாச்சே, அப்ப பாஸ்தான், மை தீரறதுக்குள்ள போட்டுடுங்க" என்றார். எனக்குக் காது சுட்டது. அந்த மேஜையில் இருந்த நாற்பது பீஸிலும் அதுதான் நல்ல பீஸ் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயம். பாஸ் போட்டால் சிரிப்பார்கள். பெயின்ட் பிரஷ்ஷை எடுத்துப் பெருக்கல் குறி போட்டேன். ஒரு மூச்சு விடும் நேரம். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அதை நியாயம் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன். கேன்டீனில் நீ சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன், என் கையெழுத்தில் அது நன்றாக இல்லை.

திரும்பப் போடும்போது செய்ய வேண்டியவை. முதலில், பழைய வெல்டின் மேல் ஒட்டுப் போட விடாதே. முழுக்க அறுத்து எடுத்து, குழாய் விளிம்புகளைப் புதிதாகச் சாய்வாகச் சீவி, பளபளவென்று உலோகம் தெரியும்வரை இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை தேய்க்க வேண்டும். பெயின்டோ துருவோ எண்ணெயோ இருந்தால் அதுதான் துளையாகும். இரண்டு குழாய்க்கும் நடுவே இடைவெளி மூன்று மில்லிமீட்டர். குறைந்தால் அடிவரை இறங்காது. அதே கனமுள்ள கம்பியை வளைத்து அந்த இடைவெளியில் விட்டுப் பார், சுற்றிலும் தடையில்லாமல் ஓட வேண்டும். ராடை அடுப்பில் காய்ச்சிச் சூடான பெட்டியில் எடுத்துப் போங்கள், அரைநாளுக்கு மேல் வெளியே கிடந்ததைத் தொடாதே. குழாயைக் கை வைக்க முடியாத சூட்டுக்கு ஏற்றிவிட்டு ஆரம்பி. குளிர்ந்த கனத்த இரும்பில் போட்டால் நாளைக்கு விரியும். ஆர்க்கை ராடின் கனத்துக்கு மேல் நீட்டாதே. விளிம்பில் ஒரு கணம் நின்று நிரப்பிவிட்டு நகர், இல்லையென்றால் அண்டர்கட் விழும். முடிக்கும் இடத்தில் வெடுக்கென்று எடுக்காதே, கொஞ்சம் பின்னுக்கு வந்து குழியை நிரப்பிவிட்டு எடு. குழியில்தான் விரிசல் பிறக்கும்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். என்றாலும் எழுதினேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அண்ணன்


மார்ச் 21

அண்ணனுக்கு,

ஸ்டீம் விடுவதை நிறுத்திவிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் இருந்த தேதியை அடித்துவிட்டார்கள். புதுத் தேதி எழுதவில்லை. நெட்டையையும் அவன் ஆட்களையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். போகும்போது என்னைத் தேடி வந்து, "அக்கா, அது உங்க பீஸ்னு தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்" என்றான். எதைக் கேட்டிருப்பான் என்று எனக்குப் புரியவில்லை. படத்தை மட்டும் கேட்ட மேலாளர் இன்னும் அறையில்தான் இருக்கிறார்.

முப்பத்து மூன்றை நானே போய்ச் சொன்னேன். என்னோடு சேர்த்து எட்டு வெல்டர்கள் முத்திரையையும் முடக்கிவிட்டார்கள். மறுபடி டெஸ்ட். புதன்கிழமை கொடுத்தேன், பாஸ். பீஸை அறுத்துப் பட்டை பட்டையாக வளைத்தார்கள், ஒரு கீறல் இல்லை. பட்டைகளை அறுத்து வளைக்கும் அந்தச் சத்தம் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் தரையில் கிடக்கும் குழாய்க்குத்தான் சரி. ராடின் கனம் அளவுக்கு ஆர்க் என்கிறீர்கள். உத்தரம் இடிக்கிற இடத்தில் அது நடக்காது. ராடைப் பாதியாக வெட்டிக்கொண்டு, எதிரே கண்ணாடி வைத்து அதில் பார்த்துப் போட வேண்டும். முப்பத்து மூன்றை இப்போது அப்படித்தான் போட்டேன். இன்னொன்று, விளிம்பில் ஒரு கணம் நின்று நகரச் சொல்கிறீர்கள். தலைக்கு மேல் போடும்போது கீழ்விளிம்பில் நின்றால் உருகியது தொங்கிவிடும், மேல்விளிம்பில்தான் நிற்க வேண்டும். புத்தகத்தில் இல்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். நேற்று பதினெட்டாம் ஜாயின்டை அறுக்கப் போனோம். முதல் வால்வுக்கு நேர் மேலே, சுவரை ஒட்டி இருப்பது. ஜனவரியில் நீங்கள் கையெழுத்திட்டதில் ஒன்று. யார் முத்திரை என்று எழுத மாட்டேன், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குழாயின் இரண்டு பக்கமும் சங்கிலி போட்டுத் தாங்கலாகக் கட்டியிருந்தோம். கிரைண்டரை வைத்து முன்பக்கம் ஒரு சாண் அறுத்திருப்போம். மளுக்கென்று ஒரு சத்தம். குழாய் தானாகவே பிளந்துகொண்டு சங்கிலியில் தொங்கியது.

பின்பக்கம் வெல்டே இல்லை அண்ணா. சுவருக்கும் குழாய்க்கும் நடுவே கை நுழையாது. எட்டின வரைக்கும் போட்டுவிட்டு, மீதி இடத்தில் மேலாக ஒரு பூச்சு இழுத்திருக்கிறார். அடியில் இரண்டு குழாயும் ஒன்றையொன்று தொடவேயில்லை. அந்தப் பூச்சை நகத்தால் சுரண்டினேன். வெல்டைவிடப் பெயின்ட் கனமாக இருந்தது. இத்தனை நாள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது பெயின்ட்.

கூட்டம் கூடிவிட்டது. உங்கள் மாப்பிள்ளை வந்து வால்வுக்குப் பக்கத்தில், தான் நிற்க வேண்டிய இடத்தில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தார். நேராக மேலே, அந்தப் பிளந்த வாய். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் காலை மடக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தோம். குடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினார். "உங்க அண்ணனுக்கு எழுது" என்றார். என்ன எழுத என்று கேட்டேன். "என்னமோ எழுது. நான் உட்கார்ந்திருக்கேன்னு எழுது" என்றார்.

உட்கார்ந்திருக்கிறார், அண்ணா. இதை எழுதும்போது எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டார்.

நீங்கள் கேஜ் எடுக்காததற்கு இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. அது போகுமா என்று தெரியவில்லை. போகாவிட்டாலும் எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 24

தங்கைக்கு,

பதினெட்டு. அந்தப் படத்தைத் தேடிப் பார்க்க என்னிடம் இப்போது படம் இல்லை, அறை இல்லை. நினைவில் தேடினேன். ஜனவரி ஒன்பதாம் தேதி, மதியச் சாப்பாட்டுக்கு முன், கடைசியாகப் பார்த்த ஐந்தில் ஒன்று. பசி. ஐந்தையும் சேர்த்து நான்கு நிமிடம் பார்த்திருப்பேன். பேனா மூடியைத் திறந்தது நினைவிருக்கிறது, படம் நினைவில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கடைக்குப் போனால் கடைக்காரர் மீதியைக் கையில் வைத்த பிறகும் அங்கேயே நிற்கிறேன். மாப்பிள்ளை தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார் என்று எழுதியிருந்தாயே, அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை. அவரிடம் நான் பேசியதே மொத்தம் இருபது வார்த்தை இருக்காது. அதிலும் பாதி கிண்டல்.

விசாரணைக் குழு நேற்று அழைத்தது. என் வேலை போய்விட்டது, அதில் விவாதம் இல்லை. ஆனால் நான் கையெழுத்திட்ட பதின்மூன்று ஜாயின்டையும் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது நான் நேரில் நின்று பார்த்து, இன்ன குறை, இன்ன காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறார்கள். தண்டனையாகச் சொன்னார்கள். பதினெட்டு போக இன்னும் பன்னிரண்டு இருக்கின்றன. அறுப்பதை நிறுத்திவைக்கச் சொல்லி உங்களுக்கு உத்தரவு வரும்.

வியாழக்கிழமை படவேனிலேயே வருகிறேன். ஓட்டுநர் முன்சீட்டில் இடம் இருக்கிறது என்றார். "படத்துக்குப் பதிலா இந்தத் தடவை ஆளே வர்றீங்களா சார்?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது எனக்கே ஆச்சரியம்.

ஒன்று கேட்க வேண்டும். இந்த வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தும் உயரத்தில் இருக்கும் ஒரு ஜாயின்டை நான் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. கீழே நின்று காகிதத்தைப் பார்ப்பேன், பிறகு அறையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். எனக்கு உயரம் ஆகாது. இரண்டாம் மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில்கூட நிற்க மாட்டேன், இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது பன்னிரண்டு முறை சாரத்தில் ஏற வேண்டும். முழங்கால் வேறு ஒத்துழைப்பதில்லை.

ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மாப்பிள்ளையைக் கேட்க எனக்கு முகம் இல்லை. நீ பிடிப்பாயா என்று எழுது. பிடிக்க மாட்டாய் என்றாலும் ஏறுவேன். ஆனால் எழுது.

அண்ணன்